பழைய குடியிருப்புக் காகிதங்கள் யாரிடமாவது இருக்குங்களா?

வணக்கம்ங்க. கோவையில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அம்மாவோடு இருக்கிறேன். சமையலறை மேலே காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அதன் கீழே நின்றுதான் அம்மா தினமும் தோசை ஊற்றுகிறார்.

இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்று எங்கள் குடியிருப்பில் பேச்சு ஓடுகிறது. அடுத்த கூட்டத்துக்காக அரசுக் கொள்கை மாறிவந்த கதையை எழுதுகிறேன். குடிசைப் பகுதிகள் பற்றிய 1956 மத்தியச் சட்டத்தின் பெயரிலேயே மேம்பாடும் அகற்றலும் சேர்ந்தே இருந்தன. 1970இல் குடிசை மாற்று வாரியம், 1971இல் நம் மாநிலச் சட்டம். 2021இல் அந்த வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அப்புறம் 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம்: மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். சரி, கட்டி முடியும்வரை வயதானவர்கள் எங்கே வாடகைக்குப் போவார்கள்? எனக்கு அதுதான் முதல் கேள்வி.

கோவை, திருப்பூர், ஈரோட்டில் 1970, 80களில் வீடு ஒதுக்கீடு பெற்ற அப்பாரு, அமுச்சி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணை, தவணை ரசீது, பழுதுபார்ப்பு நோட்டீஸ் எதுவானாலும் பெயரையும் கதவு எண்ணையும் மறைத்துப் படம் அனுப்புங்கள். இடித்துக் கட்டிய குடியிருப்புக்குத் திரும்பி வந்தவர்கள் இருந்தால் அவசியம் பேச வேண்டும்ங்க.