இனுலின் பொடி கட்டி தட்டுகிறது, வயிறு பொருமுகிறது: எதில் தவறு?

தவிட்டுக்குருவி கேட்டது:

வணக்கம். சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின் என்ற நார்ச்சத்துப் பொடியைப் பயன்படுத்துவதில் நான்கு இடத்தில் முட்டுகிறது.

200 மில்லி குளிர்ந்த நீரில் 10 கிராம் கொட்டினால் உருண்டை உருண்டையாக மிதக்கிறது, எவ்வளவு கலக்கினாலும் உடைவதில்லை. எலுமிச்சைச் சாறோடு சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்க வைத்தால், சர்க்கரையே போடாமல் இனிக்கிறது. ரொட்டிக்கு 500 கிராம் மைதா, 50 கிராம் இனுலின், 310 மில்லி தண்ணீர், ஈஸ்ட் என்று பிசைந்தால் மாவு கையை விட்டு வருவதில்லை. அடுப்பில் வைத்தால் உள்ளே வேகும் முன்பே மேலே கறுத்துவிடுகிறது. கடைசியாக, ஒரே வேளையில் 10 கிராம் குடித்தால் மாலைக்குள் வயிறு பொருமல், இரைச்சல்.

டப்பாக்களில் ஒன்றில் 'இனுலின்' என்றும், ஒன்றில் 'இனுலின் எச்.பி.' என்றும், இன்னொன்றில் 'எஃப்.ஓ.எஸ்.' என்றும் போட்டிருக்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா? கோளாறு பொடியிலா, செய்முறையிலா?

கண்ணாடிக்குடுவை எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றதில் பாதி தானே அவிழ்ந்துவிடும்.

இனுலின் என்பது ஒரே ஒரு பொருள் அல்ல. பிரக்டோஸ் மூலக்கூறுகள் மணிமாலை போல ஒன்றோடொன்று கோத்து, பெரும்பாலும் ஒரு முனையில் ஒரு குளுக்கோஸோடு முடியும் சங்கிலி அது. சிக்கரி வேரில் இரண்டு மணி உள்ள சங்கிலியும் இருக்கும், அறுபது மணி உள்ளதும் இருக்கும். வேரிலிருந்து வெந்நீரில் இறக்கி அப்படியே உலர்த்தினால் கிடைப்பது சாதாரண இனுலின். சராசரி நீளம் 10 முதல் 12. அதிலிருந்து குட்டைச் சங்கிலிகளை நீக்கினால் எச்.பி.; சராசரி 23க்கு மேல். நொதி கொண்டு வெட்டிக் குட்டையாக்கினால் ஒலிகோபிரக்டோஸ், 2 முதல் 8 வரை. எஃப்.ஓ.எஸ். என்று எழுதி விற்பது இந்தக் குட்டை வகைதான். சர்க்கரையிலிருந்து நொதி மூலம் கட்டிய எஃப்.ஓ.எஸ்.ஸும் உண்டு, அதன் சங்கிலியும் குட்டைதான்.

நீளம் மாறினால் குணம் மாறும். சர்க்கரையின் இனிப்பை 100 என்று வைத்தால் ஒலிகோபிரக்டோஸ் 30 முதல் 35, சாதாரண இனுலின் 10, எச்.பி.யில் இனிப்பே இராது. 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சாதாரண வகை ஏறக்குறைய 120 கிராம் கரையும். எச்.பி. 25 கிராம்தான். குட்டை வகை 750 கிராமுக்கு மேலும் கரையும்.

இனி உங்கள் டம்ளர். 200 மில்லியில் 10 கிராம் என்றால் லிட்டருக்கு 50. சாதாரண இனுலினுக்கு இது பாதி அளவுகூட இல்லை. ஆகவே உருண்டை விழுவது கரையாததால் அல்ல, நனையாததால். பொடியை மொத்தமாகக் கொட்டும்போது குவியலின் வெளிப்பக்கம் நனைந்து பசைபோல் ஒரு தோல் பிடிக்கிறது; அந்தத் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. ஓர் உருண்டையைக் கரண்டியால் நசுக்கிப் பாருங்கள், நடுவில் உலர்ந்த பொடி அப்படியே இருக்கும். அதுவே எச்.பி. என்றால் படம் வேறு: உருண்டை உடைந்தாலும் நீர் வெளுத்துப் போய், அரை மணியில் அடியில் வெள்ளை மண்டி படியும். அதில் கரைக்கும் வழி எதுவும் பலிக்காது, ஏனென்றால் அந்த நீருக்கு 5 கிராம்தான் தாங்கும்.

செய்ய வேண்டியது: 50 முதல் 60 டிகிரி வெந்நீர் கால் டம்ளர் எடுத்து, ஒரு கையால் சுழற்றிக் கலக்கிக்கொண்டே மறு கையால் பொடியைத் தூவுங்கள். தெளிந்ததும் மீதிக் குளிர்ந்த நீரைச் சேர்க்கலாம். சர்க்கரையோ பால் பவுடரோ எப்படியும் போடுவதாக இருந்தால் முதலில் உலர்ந்த நிலையில் அதோடு கலந்துகொள்வது இன்னும் நல்லது. துகளுக்கு நடுவே துகள் வந்து விலக்கி வைக்கும். ஆவி வரும் பாத்திரத்தின் மேல் டப்பாவைச் சாய்க்காதீர்கள். ஈரத்தை இழுக்கும் பொடி இது, இரண்டு நாளில் கல்லாகிவிடும். டீஸ்பூன் கணக்கும் வேண்டாம். ஒரு பொடி பஞ்சுபோல், இன்னொன்று மணல்போல்; தராசில் நிறுப்பதுதான் கணக்கு.

மாவுக்கை எழுதியது:

ரொட்டி பற்றி. மாவின் எடையில் 10 சதவீதம் இனுலின் என்பது அதிகம். 5 சதவீதத்தில் நிறுத்துங்கள், அதாவது 500 கிராமுக்கு 25. இனுலின் சேர்ந்தால் மாவு குடிக்கும் தண்ணீர் குறையும். நார்ச்சத்து என்றதும் தவிடு போல நீர் கேட்கும் என்று நினைத்துப் பலர் தண்ணீரைக் கூட்டுவார்கள், இது நேர்மாறு. 310 மில்லியில் 25 மில்லியைத் தனியே எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடம் பிசைந்த பிறகும் வறண்டிருந்தால் மட்டும் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். 10 சதவீதத்தில் பசையம் (மாவை இழுபட வைக்கும் புரதம்) நீர்த்துப்போய் ரொட்டியும் சரியாக எழும்பாது.

மேலே கறுப்பதற்கு இரண்டு காரணம். சாதாரண இனுலின் பொடியிலேயே 10 சதவீதம் வரை தனிச் சர்க்கரைகள் கலந்திருக்கும். போதாததற்கு, ஈஸ்டிடம் இருக்கும் இன்வெர்ட்டேஸ் நொதி குட்டைச் சங்கிலிகளைக் கடித்துப் பிரக்டோஸை விடுவிக்கிறது. புரதத்தோடு சேர்ந்து மிக வேகமாகச் சிவக்கும் சர்க்கரைகளில் அதுவும் ஒன்று. அடுப்பு வெப்பத்தை 15 டிகிரி குறைத்து, அதற்கேற்ப நேரத்தைக் கூட்டுங்கள். பாதி நேரத்தில் மேலே அலுமினியத் தாள் போட்டாலும் சரி.

இதில் வேறொரு இழப்பும் இருக்கிறது. ஈஸ்ட் தின்றது உங்கள் குடலுக்குப் போகாது. நீண்ட நேரம் புளிக்க வைக்கும் மாவில் எஃப்.ஓ.எஸ். போடுவது ஈஸ்டுக்குத் தீனி போடுவதுதான், அங்கே எச்.பி. வகையே ஓரளவு தப்பும். வேகும்போது அழிந்துவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: ரொட்டியின் உள்ளே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, அங்கே அமிலமும் குறைவு, அதனால் நிற்கும். மேல்தோலில் 135 டிகிரிக்கு மேல் போகிறது, அங்கே உடையும்.

எலுமிச்சை விஷயத்தில் இனிப்பு கூடியதை நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4க்குக் கீழே இருக்கும்போது சூடாக்கினால் சங்கிலி அறுபடும். எலுமிச்சைச் சாறு 2.5 அளவில் இருக்கும். கால் மணி நேரக் கொதியில் நீங்கள் தயாரித்தது பெருமளவு பிரக்டோஸ் பாகு. குளிர்ந்த பிறகு சாற்றைப் பிழிந்து, அன்றே குடித்துவிட்டால் சிக்கல் இல்லை. புளிப்பான பானத்தில் கலந்து அறை வெப்பத்தில் வாரக்கணக்கில் வைப்பதும் இதே அறுப்பை மெதுவாகச் செய்யும். தயிரின் பி.எச். 4.5 பக்கம், அதுவும் குளிரில் இருப்பதால் அங்கே பயமில்லை.

பெருங்குடல் எழுதியது:

வயிற்றுக்கு வருவோம். பிரக்டோஸ்களை இணைக்கும் இந்தப் பிணைப்பை வெட்டும் நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது. அதனால் இனுலின் ஏறக்குறைய முழுதாகப் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே பிஃபிடோபாக்டீரியா முதலியவை அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குட்டைக் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பியூட்டிரேட் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள். கூடவே ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் வெளிவரும். இந்த அமிலங்கள் வழியாகத்தான் கிராமுக்குச் சுமார் 1.5 கலோரி உடம்புக்குக் கிடைக்கிறது. இப்படித் தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்களை வளர்க்கும் உணவுக்கு 'பிரீபயாடிக்' என்று 1995-இல் பெயர் வைத்தவர்கள் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும். நுண்ணுயிரையே உயிரோடு விழுங்கினால் அது புரோபயாடிக். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஆகவே பொருமல் பொடியின் கோளாறு அல்ல. வேலை நடக்கிறது, ஆனால் அளவுக்கு மிஞ்சி ஒரே நேரத்தில் நடக்கிறது. குட்டைச் சங்கிலி பெருங்குடலின் வாசலிலேயே சடசடவென்று நொதிக்கும், வாயு ஒரே மூச்சில் வரும். நீண்டது மெதுவாக, உள்ளே தள்ளிப் போய் நொதிக்கும். முதல் வாரம் நாளுக்கு 2 முதல் 3 கிராம், உணவோடு. வாரத்துக்கு 2 கிராம் கூட்டுங்கள். 5 கிராமைத் தாண்டியதும் காலை, இரவு என்று பிரியுங்கள். ஏதாவது ஒரு வாரம் வயிறு முரண்டு பிடித்தால் முந்தைய அளவுக்கே இறங்கி, இன்னொரு வாரம் அங்கேயே நில்லுங்கள். மலச்சிக்கலுக்கு என்றால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்ட அளவு சிக்கரி இனுலின் நாளுக்கு 12 கிராம். அந்த அளவை முதல் நாளே தொட வேண்டியதில்லை.

எல்லோருக்கும் ஏற்றது என்று மட்டும் சொல்லமாட்டேன். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு இதுவே தொல்லை தரும் சர்க்கரைகளின் பட்டியலில் இருக்கிறது. பிறவியிலேயே பிரக்டோஸ் ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் டப்பாவின் பின்புறம் தனிச் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். அரிதாக ஒவ்வாமையும் வரும்: தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்றால் அளவைக் குறைத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம், உடனே மருத்துவமனை.

(இன்சுலினுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1804-இல் வாலண்டின் ரோஸ் இதைப் பிரித்தெடுத்தது இனுலா என்ற செடியின் வேரிலிருந்து, பெயர் அப்படி வந்தது.)

பூண்டுப்பல் எழுதியது:

பொடி எதற்கு? பூண்டு, வெங்காயம், கோதுமை, வாழைப்பழம் எல்லாவற்றிலும் இருக்கிறதே!

பெருங்குடல் எழுதியது:

இருக்கிறது, அளவைப் பாருங்கள். பச்சைப் பூண்டில் 9 முதல் 16 சதவீதம், வெங்காயத்தில் 2 முதல் 6, கோதுமையில் 1 முதல் 4, வாழைப்பழத்தில் 1 சதவீதம்கூட இல்லை. 5 கிராம் இனுலினுக்குப் பூண்டு மட்டும் என்றால் குறைந்தது 30 கிராம் பச்சையாக மெல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களின் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோதுமையும் வெங்காயமும் தினசரி உணவில் சேர்ந்து நாளுக்குச் சில கிராம் தருவது உண்மை, அதையும் கணக்கில் வைத்துத்தான் பொடியைக் கூட்ட வேண்டும்.

தவிட்டுக்குருவி எழுதியது:

நன்றி. டம்ளரில் இருப்பது உருண்டைதான், மண்டி இல்லை. ஆக சாதாரண வகை. இன்னும் இரண்டு: பொடியில் மாவு கலந்திருந்தால் வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா? எச்.பி. வகையில் வெண்ணெய் போல ஒரு களி செய்யலாம் என்கிறார்கள், உண்மையா?

கண்ணாடிக்குடுவை எழுதியது:

ஸ்டார்ச் (மாவுச்சத்து) கலந்திருந்தால் தெரிந்துவிடும். ஒரு கிராம் பொடியை 20 மில்லி கொதிநீரில் கலக்கி, நன்றாக ஆறவிட்டு, டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். இனுலினுக்கு நீலம் வராது, அயோடினின் மஞ்சள் பழுப்பு அப்படியே நிற்கும். கருநீலம் வந்தால் ஸ்டார்ச். ஆறவிடாமல் சோதித்தால் ஸ்டார்ச் இருந்தும் நீலம் தெரியாமல் போகும், பலர் ஏமாறுவது இங்கேதான். சோதித்த நீரைக் கொட்டிவிடுங்கள். ஸ்டார்ச்சை நன்றாக உடைத்துச் செய்த மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு இனுலினேஸ் நொதியால் உடைத்துப் பிரக்டோஸை அளக்கும் ஆய்வகம்தான் வழி.

களி உண்மைதான், எச்.பி.யில்தான் நன்றாக வரும். 75 மில்லி நீரை 65 டிகிரிக்குச் சூடாக்கி, 25 கிராம் பொடியைத் தூவி, கைக்கலக்கியால் இரண்டு நிமிடம் வேகமாக அடித்து, மூடி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் வெள்ளையாக, கரண்டியில் நிற்கும் பதத்தில் இருக்கும். நுண்படிகங்கள் வலைபோல் கோத்து நீரைப் பிடித்து வைப்பதால் வரும் பதம் அது. கொதிக்க வைத்து முழுக்கக் கரைத்துவிட்டால் அடுத்த படிகத்துக்கு விதையே இருக்காது. ஆறும்போது மணல் மணலாக அடியில் இறங்கிவிடும். தயிருக்கு இந்தக் களி வேண்டாம்: லிட்டர் பாலுக்கு 20 முதல் 30 கிராம் எச்.பி.யைச் சூடாக்கும் முன்பே கலந்துவிட்டு, வழக்கம்போல் உறை ஊற்றலாம்.