பாய்லருக்கு அடியில் நீர் சொட்டுகிறது, அழுத்தமும் நிற்கவில்லை

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டு அறைகளைச் சூடாக்கும் கேஸ் பாய்லரின் அடியில், செம்புக் குழாய்கள் சேரும் இடத்தில் நீர் சொட்டுகிறது. அழுத்தமானியின் முள் காலையில் 0.5 பாருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நீர் நிரப்பும் வால்வைத் திறந்து 1.5 வரை ஏற்றினால், சூடேறும்போது 3-ஐ நெருங்கி, மறுநாள் பழையபடி விழுந்துவிடுகிறது. இப்படியே நீர் ஏற்றிச் சமாளிக்கலாமா, பாய்லரையே மாற்ற வேண்டுமா?

பதில் 1:
முதலில் பாய்லரை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மூடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். கேஸ் பாய்லரில் அது தகுதி பெற்ற தொழில்நுட்பர் செய்ய வேண்டிய வேலை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விரிவுத் தொட்டியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சூடாகும் நீர் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே அத்தொட்டிக்குள் ஒரு ரப்பர் சவ்வும், அதற்கு மறுபுறம் காற்றும் இருக்கின்றன. காற்று குறைந்தாலோ சவ்வு கிழிந்தாலோ அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பொதுவாக 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியேற்றும். ஆறியதும் முள் விழுந்துவிடும். வெளிச்சுவரில் அந்த வால்வின் வடிகுழாய் முடியும் இடம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 2:
சொட்டும் இடமே கசியும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். குழாய்களை நன்றாகத் துடைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்தால், முதலில் நனையும் காகிதம் உண்மையைச் சொல்லிவிடும். நீர் ஏற்றிக்கொண்டே இருப்பது மட்டும் கூடவே கூடாது: புது நீரோடு உள்ளே போகும் ஆக்சிஜன் ரேடியேட்டர்களை அரிக்கும், துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பாய்லரை அணைத்துவிட்டேன். வடிகுழாயின் வாய் ஈரமாகத்தான் இருக்கிறது. முதலில் நனைந்ததும் பாதுகாப்பு வால்வின் இணைப்பில் சுற்றிய காகிதமே.

பதில் 1:
அப்படியானால் பாய்லரை மாற்றும் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். வருகிற தொழில்நுட்பர் தொட்டியின் காற்று வால்வு ஊசியை அழுத்தும்போது நீர் வந்தால், சவ்வு கிழிந்துவிட்டது, தொட்டியை மாற்றியாக வேண்டும். காற்று மட்டும் குறைந்திருந்தால், அமைப்பின் நீரழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகே காற்றேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அளவு தவறாகக் காட்டும். ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வில் அழுக்குச் சிக்கிப் பிறகு முழுதாக மூடாமல் போவதுண்டு, ஆகையால் அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.