மறு: 'ஸெ' ஒட்டும் போர்ச்சுக்கீசிய வினைகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒற்றை வரியில் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நான் நினைக்கவில்லை. தனித்தனியாகப் பதில் போட நேரமில்லாததால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். (பாருங்கள், எழுத ஆரம்பித்ததுமே ஒரு 'கொள்' வந்துவிட்டது. அதைப் பிறகு பிடிக்கிறேன்.)

> இந்த இலக்கணப் பெயரெல்லாம் எதற்கு? அப்படியே மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாமே.

போகலாம்தான். ஆனால் என் வகுப்பில் நடந்ததைக் கேளுங்கள். லிஸ்பனில் ஞாயிறு மாலைகளில் நம்மவர்கள் ஏழெட்டுப் பேருக்குப் போர்ச்சுக்கீசியம் சொல்லித்தருகிறேன். ஏ2 என்னும் தொடக்கநிலைப் பாடத்தில் 'உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள்' என்பது தப்பாமல் வரும். உணவகச் சமையலறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் நாளை எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரி 'லெவன்து ஆஷ் ஸெய்ஷ்'. கடைசி வரி 'தெய்து ஆஸ் ஓன்ஸெ'. ஆறு மணிக்கு எழுகிறேன், பதினொன்றுக்குப் படுக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தான். லிஸ்பன்காரர் காதில் அது எப்படி விழும் தெரியுமா? ஆறு மணிக்குத் தூக்குகிறேன், பதினொன்றுக்கு ஊற்றுகிறேன். சமையலறை வேலை வேறு. அண்டாவைத் தூக்கி ரசத்தை ஊற்றுகிறான் என்றே நினைத்திருப்பார்கள்.

அவன் விட்டது ஒரே ஒரு குட்டிச் சொல்: 'மெ'. 'லெவன்து-மெ' என்றால் எழுகிறேன். 'தெய்து-மெ' என்றால் படுக்கிறேன். அகராதியில் இவை 'லெவன்தார்-ஸெ', 'தெய்தார்-ஸெ' என்று 'ஸெ'யோடு இருக்கும். நானுக்கு மெ, நீக்குத் தெ, அவன் அவள் அவர்களுக்கு ஸெ, நாமுக்கு நுஷ் என்று ஆளுக்கு ஆள் மாறும். தம்பியையும் குறை சொல்ல முடியாது. அவன் கைபேசியில் படித்தது பிரேசில் வழக்கு. அங்கே பேச்சில் இந்த மெ, ஸெயைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். போர்ச்சுகலில் கேட்பார்கள்.

இந்த வகை வினையைப் பலகையில் ஒரு பெயர் போட்டு எழுத வேண்டியிருந்தது. ஒரு மொழிபெயர்ப்புக் கருவியில் தட்டிப் பார்த்தால் 'பிரதிபலிப்பு வினைச்சொற்கள்' என்று வந்தது. கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதற்கு மட்டும் வேண்டுமானால் பொருந்தும்! அதனால்தான் இங்கே வந்தேன்.

> தன்வினை என்ற அருமையான சொல் இருக்க, புதிதாக ஏன் தேட வேண்டும்? எழுந்தான் தன்வினை, எழுப்பினான் பிறவினை. உங்கள் லெவன்தார்-ஸெயும் லெவன்தாரும் இதேதானே?

புலவர் ஐயாவின் இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. முதலில் 'அட, முடிந்தது வேலை' என்றே தோன்றியது. எழு, எழுப்பு, உட்கார், உட்கார வை, படு, படுக்க வை. இந்த மூன்று இணைகளுக்கும் நேராக அங்கே லெவன்தார்-ஸெ, லெவன்தார், ஸென்தார்-ஸெ, ஸென்தார், தெய்தார்-ஸெ, தெய்தார். என்ன, திசைதான் நேர் எதிர். நமக்கு அடிச்சொல் 'எழு'. இன்னொருவரை எழச் செய்யத்தான் ஒட்டுச் சேர்க்கிறோம். அவர்களுக்கு அடிச்சொல்லே 'எழுப்பு, தூக்கு'. தானே எழ வேண்டுமானால் 'ஸெ' சேர்க்க வேண்டும். தமிழன் காலையில் சும்மா எழுந்துவிடுகிறான்; போர்ச்சுக்கீசியன் தன்னைத் தானே தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. இதை வகுப்பில் சொன்னேன், நன்றாக எடுபட்டது.

ஆனால் ஐயா, சிக்கல் அடுத்த வரியில் வந்தது. நம் பள்ளி இலக்கணப்படி உண்டான் தன்வினை, உண்பித்தான் பிறவினை. நடந்தான், ஓடினான், படித்தான் எல்லாமே தன்வினை. அப்படியானால் 'ஸெ' வேண்டாத உண்ணுதல், போதல், வருதல், வேலை செய்தல் எல்லாம் அதே பெட்டிக்குள் வந்து விழுகின்றன. எந்த வினைக்கு 'ஸெ' வேண்டும் என்று பிரித்துக்காட்டத்தான் பெயர் கேட்டேன். இந்தப் பெயர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. ஒரு சொல்லுக்கு ஊரறிந்த பொருள் இருக்கும்போது அதன்மேல் இன்னொன்றை ஏற்றினால் இரண்டும் கெடும் என்பது என் எண்ணம்.

> 'கொள்வினை' என்று வையுங்கள். சீவிக்கொள், உடுத்திக்கொள், சவரம் செய்துகொள். கச்சிதமாக இருக்கிறது.

அக்கா, இது எனக்கும் மிகவும் பிடித்த சொல். அன்றாட வேலைகளில் பாதிக்குமேல் சரியாக உட்காருகிறது. பென்தியார்-ஸெ, தலை வாரிக்கொள். வெஷ்தீர்-ஸெ, உடுத்திக்கொள். பர்பியார்-ஸெ, சவரம் செய்துகொள். பேச்சுத்தமிழுக்கு வந்தால் இன்னும் அழகு: குழந்தையிடம் படுத்துக்கோ, உக்காந்துக்கோ, எந்திரிச்சுக்கோ என்கிறோமே, மூன்றும் அப்படியே 'தெ' ஒட்டிய வினைகள். ஒருவரையொருவர் என்ற பொருள்கூடப் பொருந்துகிறது: கட்டிக்கொண்டார்கள், அடித்துக்கொண்டார்கள் என்ற இடத்தில் அவர்களும் 'ஸெ'தான் போடுகிறார்கள்.

நம்பி அந்த ஞாயிற்றுக்கிழமையே 'தமிழில் கொள் வந்தால் அங்கே மெ, தெ, ஸெ' என்று சொல்லிவிட்டேன். மறுவாரம் அதே தம்பி 'அகோர்து-மெ' என்று எழுதி வந்தான். கேட்டால், 'விழித்துக்கொள்கிறேன்தானே அண்ணா, கொள் வருதே' என்கிறான்! விழித்தலுக்கு, அதாவது அகுர்தாருக்கு, போர்ச்சுக்கீசியத்தில் ஒட்டுக் கிடையாது. வெறும் 'அகோர்து' போதும். பக்கத்து ஸ்பானியத்தில் உண்டு, இங்கே இல்லை. கை கழுவிக்கொள்வதற்கும் அப்படித்தான்: 'லாவு அஷ் மாவுங்ஷ்', கைகளைக் கழுவுகிறேன், அவ்வளவுதான். குளிப்பதற்கும் வேண்டாம், அவர்கள் குளியலை 'எடுக்கிறார்கள்', 'தோமு பான்யு'. எதிர்ப்பக்கமும் உண்டு. மறப்பதற்கு எஷ்கெஸேர்-ஸெ, நாம் மறந்துகொள்வதில்லை. போதாததற்கு 'எழுந்துகொண்டிருக்கிறேன்' என்றால் அந்தக் 'கொண்டு' தொடர்நிகழ்வு.

அப்புறம், மட்டக்களப்பு அண்ணன் ஒரே வரியில் போட்ட போடு இருக்கிறதே: 'கொள்வினை கொடுப்பினை எண்டால் பொண்ணு எடுக்கிறது குடுக்கிறது தம்பி. பாடத்தில வச்சிடாதையும்.' எங்கள் ஊரிலும் அதே பொருள்தான் அண்ணா. வகுப்பில் கல்யாண வயதில் நாலு பேர் இருக்கிறார்கள், வேண்டாம்.

ஆகவே 'கொள்' விளக்கத்துக்கு வைத்துக்கொள்கிறேன், பெயருக்கு இல்லை.

> தற்சுட்டு வினை. கணக்குப் பாடத்தில் ஏற்கெனவே தற்சுட்டுத் தொடர்பு இருக்கிறது. தான், தாம் என்பவற்றையும் தற்சுட்டுப் பெயர் என்கிறார்கள்.

இதுதான் வலுவான போட்டி. வழக்கில் உள்ளது, புணர்ச்சியும் சுத்தம். லவார்-ஸெ போன்றவற்றுக்குக் குறையே சொல்ல முடியாது. கழுவுகிறவரும் கழுவப்படுகிறவரும் ஒருவரே. ஆனால் கெய்ஷார்-ஸெ, குறைசொல்லிப் புலம்புதல். இங்கே யார் தன்னையே புலம்புகிறார்? அர்ரெபென்தேர்-ஸெ, செய்ததற்கு வருந்துதல். இந்த இரண்டும் 'ஸெ' இல்லாமல் நிற்கவே மாட்டா, ஆனால் தன்னைச் சுட்டும் பொருள் எதுவும் மிச்சமில்லை. மாணவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: 'இதில் தன்னை எங்கே இருக்கிறது?' என்று தேடுகிறார்கள். போர்ச்சுக்கீசிய இலக்கணக்காரர்களும் இதனால்தான் மொத்த வகைக்கும் 'பிரதிபெயர் சேர்ந்த வினை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, தற்சுட்டை அதற்குள் ஓர் உள்வகையாக்குகிறார்கள்.

எனவே பொருளை விட்டுவிட்டு உருவத்தைப் பிடித்தால் என்ன என்று தோன்றியது. எழுத்தில் பார்த்தாலே தெரிகிறது: வினை, ஒரு சிறுகோடு, குட்டிச் சொல். ஒட்டு! என் பரிந்துரை:

தன்னொட்டு வினை.

தன் + ஒட்டு. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டிக்கும். தன்னாட்சி, தன்னடக்கம் போல. சொல்லவும் எளிது.

இதன் உண்மையான வசதி வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் குட்டிச் சொல் ஓரிடத்தில் நிற்காது. 'லெவன்து-மெ' என்று பின்னால் நிற்பது, 'இல்லை' வந்தால் முன்னால் ஓடிவிடும்: 'நாவுங் மெ லெவன்து'. 'எப்போதும்' வந்தாலும் அப்படியே: 'ஸெம்ப்ரெ மெ லெவன்து'. பிரேசிலில் 'எவ் மி லெவன்து' என்று காரணமே இல்லாமல் முன்னால் நிற்கும். எதிர்காலத்தில், நல்ல எழுத்துநடையில், வினையை நடுவில் பிளந்து உள்ளே உட்காரும்: 'லெவன்தார்-மெ-எய்'. முன், பின், இடை. நம்மிடம் முன்னொட்டு, பின்னொட்டு, இடையொட்டு மூன்றும் தயாராக இருக்கின்றனவே! சொல்லுறுப்புகளுக்கு வைத்த பெயர்கள்தான், கண்டிப்பாகப் பார்த்தால் முழுதும் ஒன்றல்ல. ஆனாலும் 'இல்லை வந்தால் தன்னொட்டு முன்னொட்டும்' என்று ஒரே மூச்சில் விதி சொல்லிவிடலாம். (நாமுக்கு மட்டும் 'லெவன்தாமுஷ்' என்பதன் கடைசி எழுத்து விழுந்து 'லெவன்தாமு-நுஷ்' ஆகும். மரம் + வேர் மரவேர் ஆவதைச் சொன்னேன், உடனே தலையாட்டினார்கள்.)

> 'தன்' படர்க்கை அல்லவா? நான் என்பதற்கு 'என்' அல்லவா வர வேண்டும்? 'என்னொட்டு, உன்னொட்டு' என்று மூன்று பெயர் வைப்பீர்களா?

நல்ல இடக்கு. 'நான் தன்னம்பிக்கையோடு இருக்கிறேன்' என்றுதானே சொல்கிறோம், என்னம்பிக்கை என்பதில்லை. கூட்டுச்சொல்லுக்குள் போன 'தன்' எல்லா இடத்துக்கும் பொது. அவர்கள் அகராதியிலும் தலைச்சொல்லோடு நிற்பது படர்க்கை 'ஸெ'தான்.

ஓர் இடத்தில் என் சொல்லுக்கும் கால் இடறுகிறது, மறைக்கவில்லை. இந்த ஊர்ப் பால்கனிகளில் 'வெந்தெ-ஸெ' என்று பலகை தொங்கும்: வீடு விற்பனைக்கு. அங்கேயும் அதே 'ஸெ', ஆனால் வீடு தன்னைத் தானே விற்கவில்லை. அது நம் செயப்பாட்டு வினையின் வேலை. அதைத் தன்னொட்டு என்றால் தப்பு. 'செயப்பாட்டு ஸெ' என்று தனியே பெயரிட்டு வேறு பாடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

இன்னொன்று, பேச்சோடு பேச்சாக. தம்பியின் நாளைத் தமிழில் எழுதிப் பார்த்தோம்: ஜன்னலைத் திறக்கிறேன், துவாலையால் துடைத்துக்கொள்கிறேன், சாவியை எடுக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் 'சப்பாத்து போடுறன், பாண் சாப்பிடுறன்' என்று சேர்த்தார். ஜன்னல், துவாலை, சாவி, சப்பாத்து, பாண் ஐந்தும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனவை. பொருள்களின் பெயரையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டோம். 'ஸெ' மட்டும் ஒட்டவில்லை.

ஆக, மொத்த வகைக்குத் தன்னொட்டு வினை. அதற்குள் உண்மையிலேயே தன்னைச் சுட்டுவனவற்றுக்குத் தற்சுட்டு. ஒருவரையொருவர் என்ற பொருளுக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. 'எதிரெதிர்' என்று எழுதி அடித்துவிட்டேன், சண்டைபோல் இருக்கிறது. அதற்கு மட்டும் யாராவது கைகொடுங்கள். வகுப்பு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. சனிக்கிழமை இரவுக்குள் மறுப்பு வந்தால், பலகையில் ஏறும் முன்பே மாற்றிவிடலாம்.

அன்புடன்.