வில்லும் தூண்டிலும் பரணும்: விஸ்கான்சினில் குடும்பத்தோடு கழித்த பருவங்கள்

மேடிசனிலிருந்து:

விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிய நம்மவர்களில் தூண்டில் போடுபவர்கள் பலர் இருக்கிறார்கள், வில்லெடுத்தவர்கள் சிலர், மான் வேட்டைக்குப் போனவர்கள் மிகச் சிலர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில் வளர்ந்த நமக்கு, வேட்டை என்றாலே குற்றம் என்ற எண்ணம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. அந்தத் தயக்கத்தைக் கடந்து, பிள்ளைகளையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு பருவத்தில் இறங்கியவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால் புதியவர்களுக்கு மிகவும் பயன்படும். என் பங்கை முதலில் எழுதுகிறேன்.

என் இரு பெண்களும் பள்ளியில் வில்வித்தை கற்றவர்கள். கென்டக்கியில் 2002இல் தொடங்கிப் பல மாநிலங்களுக்கும் பரவிய பள்ளி வில்வித்தைத் திட்டம் அவர்களுடைய பள்ளியிலும் நடக்கிறது. காகித இலக்கில் எய்து தேர்ந்த பிறகு அடுத்து என்ன என்று அவர்கள் கேட்கத் தொடங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரர் எங்களைக் காஷ்கனாங் ஏரிக்கு அழைத்துப்போனார். ராக் ஆறு அகன்று பரந்து கிடக்கும் ஆழமில்லாத ஏரி அது. நீர் சூடேறும் மே, ஜூன் மாதங்களில் கெண்டைகள் முட்டையிடுவதற்காகக் கரையோரக் கோரைக்குள் கூட்டமாக ஏறிவரும். முதுகுத் துடுப்பு வெளியே தெரிய அவை சேற்றில் புரண்டடிக்கும் சத்தம் படகில் இருந்தே கேட்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட இந்த அயல்மீன், நீர்த்தாவரங்களை வேரோடு பிடுங்கி, நீரைக் கலக்கி, உள்ளூர் மீன்களின் வாழ்விடத்தைக் கெடுத்துவருகிறது. அதை வில்லால் எய்து பிடிப்பதற்கு மீன்பிடி உரிமம் போதும். 16 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அதுவும் தேவையில்லை.

மீனுக்கான வில்லின் முன்புறத்தில் தடித்த நூல் சுற்றிய ஓர் உருளை இருக்கும். நூலின் மறுமுனை அம்பில் கட்டப்பட்டிருக்கும். அம்பு கண்ணாடியிழையால் ஆனது, கனமானது, இறகு கிடையாது. பள்ளியில் குறி தவறாத என் மூத்தவளுக்கு இங்கே ஒரு மீன்கூட அகப்படவில்லை, ஏனென்றால் அம்புகள் எல்லாம் மீனுக்கு மேலாகவே போயின. டம்ளர் நீரில் போட்ட காசு மேலெழுந்து தெரிவதைப் போல, மீனும் அது இருக்கும் இடத்திற்கு மேலேதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பத்தடித் தொலைவில் ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு நான்கு அங்குலம் கீழே குறிவைக்க வேண்டும் என்பது இவர்களுடைய கணக்கு. "மீனைப் பார்க்காதே, அதன் வயிற்றுக்குக் கீழே இருக்கும் சேற்றைப் பார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருமுறை அவள் அப்படியே எய்தாள். உருளையிலிருந்து நூல் சரசரவென்று ஓடியது. சின்னவள் இரண்டு கைகளாலும் நூலைப் பற்றி இழுத்தாள். பித்தளை நிறச் செதில்களோடு கைக்குழந்தையின் எடையுள்ள ஒரு கெண்டை படகுக்குள் வந்து விழுந்தது.

கெண்டையை உண்ண முடியாது என்று இங்கே பலர் ஒதுக்குகிறார்கள். நம் கட்லாவும் ரோகுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். சதைக்குள் கவைபோலப் பிரிந்து கிடக்கும் முட்களை நினைத்துத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள். துண்டின் மேல் நெருக்கமாகக் கீறிவிட்டு, மிளகாய்த்தூளும் மஞ்சளும் புளிக்கரைசலும் பூசி, எண்ணெயில் நன்றாகப் பொரித்தால் சிறு முட்கள் மொறுமொறுவென்று ஆகிவிடுகின்றன. அன்று மாலை பக்கத்து வீட்டார் எங்கள் அடுக்களையிலேயே நின்று சட்டியிலிருந்து எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எய்த மீனைக் கரையில் எறிந்துவிட்டு வருவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை, சமைப்பதற்கோ தோட்டத்து உரத்திற்கோ எடுத்துச் செல்ல வழி செய்துகொண்டு படகில் ஏறுங்கள்.

ரிச்லண்ட் சென்டரிலிருந்து:

அக்கா தொடங்கிவைத்ததற்கு நன்றி. அவர் சொன்ன தயக்கம் எனக்கும் இருந்தது. பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் என்று 1937இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் செலுத்தும் வரி அதன்படி வனவிலங்குகளின் மீட்புக்கே போகிறது. பின்னர் வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. நான் வாங்கிய முதல் அம்புக்கட்டின் விலையிலேயே மானுக்கான பங்கும் இருக்கிறது என்று அறிந்தபோது, இவர்கள் வேட்டையையும் காப்பையும் ஏன் ஒரே மூச்சில் பேசுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது.

வில்லுக்கான மான் பருவம் செப்டம்பர் நடுவில் திறந்து ஜனவரி வரை நீள்கிறது. என்னை அதில் இறக்கியது என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் குடும்பம். மலைச்சரிவில் பால்பண்ணை வைத்திருப்பவர்கள். நண்பரின் தந்தை எழுபதைத் தாண்டியவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றே சொல்வோம். ஆகஸ்டிலேயே வேலை தொடங்கிவிடும். நாணை இழுக்கும் விசை குறைந்தது 30 பவுண்டாவது இருக்க வேண்டும் என்பது மாநில விதி. ஆனால் அந்த எண்ணைவிட, ஒவ்வொரு முறையும் நாண் வாயோரத்தின் அதே புள்ளியைத் தொட்டு நிற்கிறதா என்பதையே பெரியவர் பார்ப்பார். பிறகு பரண்களைச் சரிபார்ப்போம். இங்கே பரண் என்பது மரத்தோடு பட்டையால் இறுக்கிய இரும்பு இருக்கைதான். ஏறத் தொடங்கும்போதே இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டையை மாட்டி, மரத்தில் கட்டிய கயிற்றோடு இணைத்துக்கொள்ள வேண்டும்; இந்த வேட்டையில் எலும்பு முறிபவர்களில் பெரும்பாலோர் அம்பினால் அல்ல, பரணிலிருந்து விழுந்துதான் முறித்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டை இல்லாமல் யாரையும் பெரியவர் ஏற விடமாட்டார்.

நவம்பர் தொடக்கம் மான்கள் இணைசேரும் காலம். அப்போது ஒரு மாலை நானும் என் மகனும் இருவர் அமரும் பரணில் இருந்தோம். அவனுக்குப் பன்னிரண்டு வயது. வில் என் கையில் இருந்தது. பார்ப்பது மட்டுமே அவன் வேலை. முதலில் ஒரு பெண்மானும் இரண்டு குட்டிகளும் ஓக் மரத்தடிக்கு வந்து கொட்டைகளைப் பொறுக்கத் தொடங்கின. கொட்டையின் ஓட்டை அவை கடித்து உடைக்கும் ஒலி மேலே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. வெயில் இறங்கினால் குளிர்ந்த காற்று சரிவின் மேலிருந்து கீழே வழியும் என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படி அது வழிந்து எங்கள் வாடையை அவற்றிடம் கொண்டுபோனதும் தாய்மான் தலையை உயர்த்தியது. முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டியது. மூக்கால் பெருமூச்சைப் போலச் சீறியது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு குட்டிகளோடு பாய்ந்து மறைந்தது. மகன் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் இன்றும் பேசுவது அந்தத் தாய்மானைப் பற்றித்தான்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் எதிர்ச்சரிவிலிருந்து ஒரு கொம்பன் மான் வந்தது. பெண்மான் போன தடத்தில் மூக்கை வைத்தபடி நேராக எங்களை நோக்கி நடந்தது. நேர் எதிரே நிற்கும் மானின் மேல் அம்பு எய்யக் கூடாது. மார்பெலும்பில் பட்டுக் காயத்தோடு ஓடிவிடும். அது பக்கவாட்டில் திரும்ப வேண்டும்; தலை ஒரு மரத்திற்குப் பின்னால் மறையும் கணத்தில் நாணை இழுக்க வேண்டும்; முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் நடுவே அம்பு பாய்ந்தால் இரண்டு நுரையீரல்களையும் துளைத்துவிடும். அதுவரை காத்திருந்தேன். மான் தானாகவே திரும்பியது. எய்தேன். அது ஒரு துள்ளுத் துள்ளிச் சரிவில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது.

மான் ஓடிய பிறகு உடனே இறங்கித் தேடக் கூடாது. அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். துரத்தினால் பயத்தில் வெகுதூரம் ஓடிவிடும். நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். பெரியவரும் நண்பரும் பெரியவரின் பேத்தியும் கைவிளக்குகளோடு வந்தார்கள். பெரியவர் முதலில் அம்பைத் தேடியெடுத்து என் மகனிடம் காட்டினார். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சை கலந்து நாற்றம் வீசினால் இரைப்பை, அநேகமாக விடியும்வரை பொறுக்க வேண்டும். எங்கள் அம்பில் சிறு குமிழ்கள் இருந்தன. பிள்ளைகள் இருவரையும் முன்னே விட்டார். இரத்தத் துளி தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு காகிதத் துண்டைக் கிளையில் செருகிக்கொண்டே போனார்கள். தடம் அற்றுப்போன இடத்தில் என் மகன் கடைசித் துளியின் அருகே அசையாமல் நின்றான். மற்றவர்கள் அவனைச் சுற்றி வளையமாகத் தேடினோம். காட்டு ரோசாப் புதருக்குப் பின்னால் கிடந்த மானைக் கண்டுபிடித்தது பேத்திதான்.

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். பிள்ளைகளுக்குக் கையுறை கொடுத்து, ஆளுக்கொரு பின்னங்காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வயிற்றைத் திறந்தார். குளிரில் ஆவி எழுந்தது. துளைபட்ட நுரையீரலை எடுத்து விளக்கொளியில் காட்டினார். இரைப்பையைக் கீறியபோது அரைபட்ட ஓக் கொட்டைகளும் மக்காச்சோளமும் பச்சை இலைகளும் கலந்து கிடந்தன. இந்தச் சரிவு முழுவதும் இதற்குள் இருக்கிறது என்றார். ஈ மொய்த்த இறைச்சிக் கடையைத் தவிர வேறொன்றும் பார்த்திராத என் மகன் முகம் சுளிக்காமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் மானைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கான எண்ணை இணையத்தில் தட்டியது அவன்தான்.

துப்பாக்கிப் பருவம் ஒன்பது நாள், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்குகிறது. அந்நாள்களில் வில்லோடு போகிறவர்களும் இடுப்புக்கு மேல் பாதிக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சு நிறம் உடுத்த வேண்டும். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் ஏற்கப்படுகிறது. பண்ணை வீட்டில் இருபது பேர் கூடிவிடுவார்கள். என் மனைவி சுக்கா செய்து கொண்டுவருவார். அவர்கள் சீட்டாடக் கற்றுக்கொடுப்பார்கள்.

ஆஷ்கோஷிலிருந்து:

தம்பி எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. வினபேகோ ஏரி உறைந்த பிறகு பிப்ரவரியில் இங்கே ஸ்டர்ஜன் என்னும் பெருமீனை ஈட்டியால் குத்திப் பிடிக்கும் பருவம் வருகிறது. அதிகபட்சம் 16 நாள். ஒதுக்கீடு நிரம்பிவிட்டால் அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். பனிக்கட்டியைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்து, கதவளவு துளையிட்டு, அதன் மேல் சன்னலில்லாத குடிசையை இழுத்துவைப்போம். உள்ளே கும்மிருட்டு, கீழிருந்து மட்டும் பச்சை வெளிச்சம் வரும். காலை ஏழு மணி முதல் பகல் ஒரு மணி வரை அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நீர் தெளிவாக இல்லாத ஆண்டில் பருவம் முழுவதும் ஒரு மீனைக்கூடக் காணாமல் திரும்புபவர்கள் பலர்.

என் மருமகனோடு நான் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், ஸ்டர்ஜனைக் கவர மிதக்கவிட்டிருந்த பொம்மை மீனின் கீழே, முதலில் மூக்கும் பிறகு எலும்புத் தகடுகள் வரிசையாக அமைந்த முதுகும் பிறகு சுறாவைப் போன்ற வாலும் மெதுவாகக் கடந்து போயின. ஈட்டி கையில் இருந்தும் நாங்கள் இருவரும் எறியவில்லை. அதன் நீளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். பெண் ஸ்டர்ஜன் முதல்முறை முட்டையிடவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவற்றுள் சில மீன்கள் நூறு வயதையும் தாண்டுகின்றன. 2010இல் இங்கே பிடிபட்ட ஒன்று 212 பவுண்டு இருந்தது, ஏறத்தாழ 96 கிலோ. பதிவு நிலையத்தில் மீனைத் தூக்கித் தொங்கவிட்டு எடை போடும்போது ஊரே வந்து நிற்கும். அதே ஊர்க்காரர்கள் வசந்தத்தில் உல்ஃப் ஆற்றங்கரையில், முட்டையிட வரும் மீன்களைத் திருடர்களிடமிருந்து காக்க இரவுபகலாகக் காவல் இருக்கிறார்கள். நாங்களும் அதில் பெயர் கொடுத்திருக்கிறோம். ஈட்டிக்கான உரிமத்தை முந்தைய அக்டோபர் 31க்குள் வாங்கிவிட வேண்டும் என்பதைப் புதியவர்கள் கவனிக்கவும்.

தம்பியிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கத்து மான்களுக்கு நோய் இருக்கிறதாமே. இறைச்சியை வீட்டில் துணிந்து சமைக்கிறீர்களா?

ரிச்லண்ட் சென்டரிலிருந்து:

அண்ணா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. மானை மெல்ல மெல்ல உருக்கிக் கொல்லும் அந்த நோய் விஸ்கான்சினில் 2002இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. எங்கள் தென்மேற்கு மாவட்டங்களில்தான் அதிகம். பிறழ்ந்த புரதமே அதற்குக் காரணம். சமையல் சூட்டில் அது அழிவதில்லை. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்றே நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. நாங்கள் மானின் தலையைப் பரிசோதனைக்காக வைத்திருக்கும் பெட்டியில் சேர்த்துவிட்டு, தொண்டையிலுள்ள நிணநீர் முடிச்சுகளின் முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே பெயரிட்டு உறைய வைக்கிறோம். பரிசோதனை இலவசம். முடிவு நல்லதாக வந்தபின்தான் அடுப்பேற்றுவோம்.

சமைக்கும்போது மேலே படர்ந்திருக்கும் வெள்ளைச் சவ்வை முழுவதும் உரித்துவிடுங்கள். மான் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. அதிகம் வேகவிட்டால் நாராகிவிடும். முதுகுச் சதையை மெல்லியதாக அரிந்து, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, புதிதாக இடித்த மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் போட்டு வாணலியில் சில நிமிடங்கள் புரட்டினால் போதும். தொடைக்கறியைக் குக்கரில் வைத்துக் குழம்பாக்கலாம். பெரியவருக்கு அந்த மிளகு வறுவல் மிகவும் பிடித்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் பங்கு பிரிக்கும்போது முதுகுச் சதையில் ஒரு பகுதியை எங்களிடமே கொடுத்துச் சமைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்.

புதிதாக வர விரும்புகிறவர்களுக்கு: 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்குவதற்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்கள், அனுபவமுள்ள ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் உடனிருந்தால் வழிகாட்டலுக்கான உரிமத்தோடு வரலாம். கோடை முடிவில் வகுப்புகள் விரைவாக நிரம்பிவிடுகின்றன, வசந்தத்திலேயே பதிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் வருகிறவர்கள் இங்கே எழுதுங்கள், பெரியவரிடம் சொல்லிவைக்கிறேன்.