கிளினிக்கலா, கவுன்சலிங்கா? படித்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். உளவியலில் இளங்கலை முடித்துவிட்டேன், மேற்படிப்பில்தான் தடுமாற்றம். தீவிர மனநோய்கள், சோதனைகள் வைத்து மதிப்பிடுவது எல்லாம் கிளினிக்கல். உறவு, வேலை, வாழ்க்கைச் சிக்கல்கள் கவுன்சலிங் என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். பாடத்திட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய ஒன்றாகத்தான் இருக்கிறது! நடைமுறையில் வித்தியாசம் எங்கே தெரியும்? கவுன்சலிங் படித்துவிட்டு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், அமெரிக்காவில் பிஎச்டியா, சைடியா (PsyD, உளவியலுக்கான தனி முனைவர் பட்டம்) என்று வேறு கேள்வி. உளவியல் பயிற்சி பற்றி அங்கே நடந்த 1949 போல்டர் மாநாடு ஆராய்ச்சியும் சிகிச்சையும் சேர்ந்த பயிற்சியை (பிஎச்டி வழி) முன்வைத்தது. 1973 வெய்ல் மாநாடு சிகிச்சைப் பயிற்சிக்கு முதலிடம் தரும் சைடிக்கு ஆதரவு தந்தது. எனக்கு ஆராய்ச்சி பிடிக்கும், புள்ளியியல்தான் பயம். (சிரிக்காதீர்கள்.)

முக்கியமாக, விண்ணப்பத்தோடு எழுதித் தர வேண்டிய நோக்க அறிக்கை (SOP). இந்தத் துறைக்கு வரக் காரணமே என் குடும்பத்தில் ஒருவருடைய மனச்சோர்வுதான். அதை விரிவாக எழுதினால் தேர்வுக்குழு தயங்கும் என்கிறார்கள். எழுதாவிட்டால் அறிக்கை உயிரில்லாமல் இருக்கிறது. ஒரு வரியோடு நிறுத்தவா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? உங்கள் அறிக்கையின் முதல் பத்தியைக் காட்ட முடிந்தால் பெரிய உதவி.