இரத்மலானையில் பயிற்சி பெற்ற விமானிகள் பற்றிய தகவல்கள் தேவை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். விமானிப் பயிற்சியை வளர்த்தெடுத்த முன்னோடிகளைப் பற்றி, கொழும்பு உயர்தர மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு நூலைத் தொகுத்து வருகிறேன். வெளிநாட்டுப் பகுதி ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஆபத்தான அசைவுகளுக்கு அஞ்சி ஒதுங்காமல், அவற்றிலிருந்து மீளும் வழியையே பாடமாக்கி, 1917இல் இங்கிலாந்தின் கொஸ்போர்ட்டில் பயிற்சி முறையை மாற்றியமைத்த ரொபர்ட் ஸ்மித்-பெரியும், தந்தையின் ஓர்கன் தொழிற்சாலையில் பழகிய காற்றுத் துருத்திகளைக் கொண்டு தரையிலேயே பறப்புப் பயிற்சி தரும் பொறியை உருவாக்கிய எட்வின் லிங்க்கும் அதில் இடம்பெறுகின்றனர். என் பார்வையில், லிங்க்குக்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை.

இடர்ப்பாடு நம் நாட்டுப் பகுதியில்தான். 1935 நவம்பர் 27 அன்று கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்தில் முதலாவதாகத் தரையிறங்கியவர் மதராஸ் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ என்பதும், 1947 டிசம்பரில் எயார் சிலோன் விமான நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்ததும் பலரும் எழுதியவை. ஆனால் அக்காலத்தில் இரத்மலானையில் பறக்கக் கற்ற தமிழர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகச் சொற்பம்.

ஆகவே, உங்கள் குடும்பங்களில் பழைய பறப்புப் பதிவேடுகள் இருப்பின், குறிப்பாகப் பயிற்றுநரின் கையொப்பத்துடன் முதல் தனிப்பறப்பு பதியப்பட்டுள்ள பக்கம் இருப்பின், அதன் தெளிவான படமொன்றை அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய வீரகேசரி, தினகரன் நறுக்குகளும் பயன்படும். திகதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மூலப் பிரதிகளைத் தபாலில் அனுப்ப வேண்டாம். கொழும்புக்குள் எனின் நானே நேரில் வந்து படமெடுத்துக்கொள்வேன். உரியவர்களின் அனுமதியின்றி எதுவும் அச்சேறாது.