லீஃப்லெட் மேப் டேபுக்குள் பாதிதான் தெரிகிறது, பில்டுக்குப் பிறகு மார்க்கரும் உடைகிறது

கேள்வி:
காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடியில் தங்குவதற்கான செட்டிநாட்டு வீடுகளைக் காட்டும் தளம். வைட் (Vite என்ற பில்ட் கருவி) புராஜெக்டில் என்பிஎம் வழியாக, மேப் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான லீஃப்லெட் 1.9.4 சேர்த்திருக்கிறேன். 'வழி' டேபைத் திறந்தால் மூலையில் ஒரே ஒரு டைல் (மேப்பின் சதுரத் துண்டுப் படம்), மீதியெல்லாம் சாம்பல். விண்டோவை இழுத்துச் சிறிதாக்கினால் சரியாகிவிடுகிறது. லோக்கலில் வரும் மார்க்கர் படம், பில்ட் செய்து ஏற்றினால் உடைந்து நிற்கிறது. செட்டைம்அவுட் போட்டு, சிறிது நேரம் கழித்து மேப்பை மறுபடி அளக்கச் சொல்லிச் சமாளிக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. வாசகர் டேபை எப்போது திறப்பார் என்று டைமருக்கு எப்படித் தெரியும்? லீஃப்லெட் மேப் இருக்கும் டிவ்வின் அகல உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளும். டிவ் டிஸ்ப்ளே நன் நிலையில், அதாவது மறைந்து, இருந்தால் அளவு 0. அதற்குப் பிறகு விண்டோ அளவு மாறினால்தான் தானாக மறுபடி அளக்கும். டேப் திறந்தது அதற்குத் தெரியாது. டேபின் கிளிக் ஹேண்ட்லரில், ஹிடன் கிளாஸை எடுத்த வரிக்கு அடுத்த வரியில் மறுபடி அளக்கச் சொல்லும் இன்வேலிடேட்சைஸ் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். முந்திக் கூப்பிட்டால் மறுபடி 0தான். எல்லா இடங்களும் தெரியும்படி ஜூம் செய்யும் ஃபிட்பவுண்ட்ஸ் பயன்படுத்தினால் அதையும் இதற்குப் பிறகே கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஜூம் தப்பாகும்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஒரே ஒரு டேபில்தான் மேப் என்றால், அதை முதல்முறை திறக்கும்போது மேப்பை உருவாக்குவதே மேல். பார்க்காதவருக்கு டைல் இறங்கி டேட்டா வீணாகாது. அதே டிவ்வில் இரண்டாம் முறை உருவாக்கினால் எரர் வரும். மேப் இருக்கிறதா என்று ஒரு வேரியபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்க்கர் விஷயம் வேறு. லீஃப்லெட் தன் சிஎஸ்எஸ்ஸில் உள்ள படப் பாதையைப் படித்து, மார்க்கர் படம் எங்கே என்று ஊகிக்கிறது. பில்டில் வைட் அந்தப் பாதையை மாற்றிவிடுவதால் ஊகம் தவறுகிறது. லீஃப்லெட்டின் டிஸ்ட் ஃபோல்டருக்குள் இமேஜஸில் மார்க்கர்-ஐகான், மார்க்கர்-ஐகான்-2எக்ஸ், மார்க்கர்-ஷாடோ என்று 3 பிஎன்ஜி இருக்கும். மூன்றையும் இம்போர்ட் செய்யுங்கள். எல்.ஐகான்.டிஃபால்ட்டின் புரோட்டோடைப்பிலிருந்து _கெட்ஐகான்யூஆர்எல்லை டிலீட் செய்துவிட்டு, மெர்ஜ்ஆப்ஷன்ஸில் மூன்றையும் கொடுங்கள். டிலீட்டை விட்டுவிட்டால் பழைய பாதை முன்னால் ஒட்டிக்கொண்டு மறுபடி 404 (ஃபைல் இல்லை) எரர்.

பதில் 3:
வீடுகளின் இடங்கள் ஜியோஜேசனில் (இடத் தகவலுக்கான ஃபைல் வடிவம்) இருந்தால் ஒரு கவனம். அதில் தீர்க்கரேகை முதலில், எல்.மார்க்கருக்கு அட்சரேகை முதலில். காரைக்குடிக்கு 10.07, 78.78 என்று கொடுக்க வேண்டியதை மாற்றிக் கொடுத்தால் மார்க்கர் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். எரர் எதுவும் வராது, அதனால் தேடுவது கஷ்டம். எல்.ஜியோஜேசன் லேயராகச் சேர்த்தால் அதுவே திருப்பிக்கொள்ளும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் டைல் என்றால் மேப்பின் மூலத்தைச் சொல்லும் அட்ரிபியூஷன் வரியை மறைக்காதீர்கள், அது உரிம நிபந்தனை.